அரசு வக்கீல் யாருக்காக வாதாடுகிறார்? குற்ற வழக்கும் விசாரணை ஆணையமும், ஓர் எளிய விளக்கம்

ஒரு பெரிய துயரம் நடந்தால் அடுத்த சில நாட்களுக்குள் இரண்டு அறிவிப்புகள் வரும். போலீஸ் வழக்குப் பதிவு செய்திருக்கிறது என்பது ஒன்று. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்படுகிறது என்பது மற்றொன்று. அப்புறம் பேச்சு தொடங்கும். "அரசு வக்கீல்னா போலீஸோட ஆளுதானே", "கமிஷன்ல ஒத்துக்கிட்டாரு, இனி தப்ப முடியாது", "இத்தனை வருஷம் கமிஷன் நடத்தி ஒருத்தரையும் உள்ளே தள்ளலையே". டீக்கடையிலும் கேட்கலாம், தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கலாம்.

இந்த மூன்றுமே தவறு. தவறான இடத்தில் கோபப்பட்டால், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்காமல் போய்விடுகிறோம். அதனால்தான் இதை அடியிலிருந்து சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் நடந்தவை.

கோர்ட்டில் அரசுக்காக நிற்பவர்கள் யார்?

கொலையோ திருட்டோ நடந்தால் பாதிக்கப்பட்டவர் ஒரு தனி மனிதர். ஆனால் வழக்கை நடத்துவது அரசு. ஒருவரைக் கொன்றவர் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கேடு செய்யவில்லை, எல்லோருக்கும் பொதுவான அமைதியைக் குலைத்தார் என்பது சட்டத்தின் பார்வை. அந்த அரசுத் தரப்பை நடத்தும் வக்கீல்தான் அரசு குற்றவியல் வழக்கறிஞர். கோர்ட் வளாகத்தில் எல்லோரும் சுருக்கமாக பி.பி. (பப்ளிக் பிராசிக்யூட்டர்) என்பார்கள்.

இவர்களில் படிநிலை உண்டு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்பவர் உதவி அரசு வழக்கறிஞர், அதாவது ஏ.பி.பி. தமிழ்நாட்டில் இவர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி நிரந்தரப் பணிக்கு வருகிறவர்கள். கொலை போன்ற கடுமையான வழக்குகள் நடக்கும் செஷன்ஸ் கோர்ட்டில் நிற்பவர் மாவட்ட பி.பி. அவருக்குக் குறைந்தது 7 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து ஒரு பட்டியல் தருவார், அதிலிருந்து அரசு நியமிக்கும். உயர் நீதிமன்றத்துக்கு அந்த நீதிமன்றத்தைக் கலந்து நியமிக்கப்படும் பி.பி. இருப்பார். குறிப்பிட்ட ஒரு வழக்குக்கு மட்டும் 10 ஆண்டு அனுபவமுள்ள ஒருவரைச் சிறப்பு பி.பி.யாகவும் போடலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

மாவட்ட பி.பி.யும் உயர் நீதிமன்ற பி.பி.யும் பெரும்பாலும் ஆட்சி மாறினால் மாறுகிறவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவருடைய கட்சிக்காரர் போலீஸ் அல்ல

வக்கீல் என்றால் அவருக்கு ஒரு கட்சிக்காரர் இருப்பார். பி.பி.க்கு அது யார்? புகார் கொடுத்தவர் அல்ல. பாதிக்கப்பட்ட குடும்பம் தனியாக வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பி.பி.யின் வழிகாட்டலில்தான் நடக்க வேண்டும். சாட்சியம் முடிந்த பிறகு, கோர்ட் அனுமதித்தால், எழுத்துபூர்வ வாதம் தரலாம்.

அப்படியானால் போலீஸா? அதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. திருமணமான கொஞ்ச காலத்திலேயே ஒரு இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். குற்றப்பத்திரிகையில் இன்னும் சிலரைச் சேர்க்க வேண்டும் என்று அவருடைய தந்தை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். குற்றப்பத்திரிகை என்பது, இன்னார் இன்ன குற்றம் செய்ததாகப் புலனாய்வில் தெரிகிறது என்று போலீஸ் கோர்ட்டில் தரும் இறுதி அறிக்கை. உயர் நீதிமன்றம், ஆவணங்களை பி.பி.யிடம் காட்டி அவர் கருத்துப்படி திருத்திய குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. யார் மீது குற்றப்பத்திரிகை என்று முடிவு செய்வது புலனாய்வு அதிகாரியின் வேலை, பி.பி.யின் வேலை கோர்ட்டில்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பி.பி. போலீஸின் கையாளாக இருக்கக் கூடாது என்பது போலவே, போலீஸும் பி.பி.யின் கையாளாக இருக்கக் கூடாது. இருவருக்கும் நடுவில் சட்டம் ஒரு சுவர் வைத்திருக்கிறது. அந்தச் சுவர் குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பாதுகாப்பு. நாளைக்கு அந்தக் கூண்டில் நீங்களோ நானோ நிற்க நேர்ந்தால், நமக்கும் அதே பாதுகாப்புதான்.

1999இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. உண்மை எதுவாக இருந்தாலும் எப்படியாவது தண்டனை வாங்கித் தந்துவிட வேண்டும் என்ற வேட்கை பி.பி.க்கு இருக்கக் கூடாது என்றது. எதிர்த் தரப்புக்குச் சாதகமான விஷயம் கேஸ் கட்டில் இருந்தால் அதையும் கோர்ட்டின் முன் வைக்க வேண்டியவர் அவர். எதிரி, அதாவது குற்றம்சாட்டப்பட்டவர், தரப்பு வக்கீல் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாலும்கூட.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பி.பி. அரசின் பெயரால் வழக்கு நடத்துகிறார். ஆனால் போலீஸுக்கும் புகார்தாரருக்கும் ஆளும் கட்சிக்கும் அவர் வக்கீல் அல்ல. அவருடைய கடமை கோர்ட்டுக்கு.

கூண்டில் சாட்சி மாறும் அந்த நிமிடம்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றலாம். ஒரு சாதாரணக் கொலை வழக்கைப் பாருங்கள். அரசுத் தரப்பு சாட்சி ஒருவர் கூண்டில் ஏறுகிறார். "குத்தியதை நேரில் பார்த்தேன்" என்று போலீஸ் விசாரணையில் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கோர்ட்டில், "எனக்கு ஒன்றும் தெரியாதுங்க, நான் அன்னைக்கு ஊரிலேயே இல்லை" என்கிறார்.

போலீஸிடம் சொன்ன அந்த வாக்குமூலம் தன்னளவில் சாட்சியம் ஆகாது. இப்போது பி.பி. எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்க வேண்டும். பிறழ் சாட்சி என்றால், தன்னை அழைத்த தரப்புக்கு எதிராகவே மாறிவிட்ட சாட்சி. அனுமதி கிடைத்ததும், முன்பு சொன்னதையும் இப்போது சொல்வதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகக் கேட்பார். சாட்சி தடுமாறலாம். பாதியை ஒப்புக்கொள்ளலாம். பிறழ் சாட்சி சொன்னதிலும் நம்பத்தகுந்த பகுதியை நீதிபதி எடுத்துக்கொள்ளலாம் என்பது நிலைத்துவிட்ட சட்டம்.

பி.பி. எழுந்திருக்காவிட்டால்? ஒன்றும் நடக்காது. சாட்சி இறங்கிப் போய்விடுவார், வழக்கு கரைந்துவிடும்.

இது கற்பனை அல்ல. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு சென்னையில் நடந்துகொண்டிருந்தபோது, 2001இல் அவருடைய கட்சி மறுபடி ஆட்சிக்கு வந்தது. அதன் பிறகு, ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்தவர்களில் 76 பேர் திரும்பவும் கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து மாறினார்கள். அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கும்படி அரசுத் தரப்பு கேட்கவே இல்லை. தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் போட்ட மனுவில், உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18 அன்று இதையெல்லாம் சுட்டிக்காட்டி வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. அங்கே யார் பி.பி. என்பதைக் கர்நாடக அரசு அந்த மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

அதே வழக்கில் மறுபக்கமும் உண்டு. போலீஸ் கைப்பற்றி, ஆனால் சான்றாவணமாகக் குறிக்காமல் விட்டுவிட்ட ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்று ஜெயலலிதாவோடு குற்றம்சாட்டப்பட்டிருந்த வி.கே. சசிகலா கேட்டார். 2012இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. அரசுத் தரப்பு தனக்கு வேண்டியதை மட்டும் காட்டிவிட்டு மீதியை மூடி வைக்க முடியாது. எதிரி யாராக இருந்தாலும் இந்த நியாயம் அவருக்கும் உண்டு.

பிறகு 2014 செப்டம்பர் 27 அன்று ஜெயலலிதா, சசிகலா உட்பட நால்வருக்குத் தண்டனை வந்தது. மேல்முறையீட்டில், 2015 ஏப்ரல் 27 அன்று, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாட பி.பி.யை நியமிக்கத் தமிழ்நாடு அரசுக்கு அதிகாரமே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் வாதங்கள் முடிந்துவிட்டன. எழுத்துபூர்வ வாதம் தர மட்டும் கர்நாடகத்துக்கு வாய்ப்புக் கிடைத்தது. மே 11 அன்று விடுதலை. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மற்ற மூவர் விஷயத்தில் மீண்டும் நிலைநாட்டியது. ஜெயலலிதா அதற்கு முன்பே இறந்துவிட்டதால் அவர் மீதான நடவடிக்கை அற்றுப்போனது.

ஒரு பி.பி.யை யார் நியமிக்கிறார்கள் என்பது இத்தனை பெரிய விஷயமா என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வழக்கைக் காட்டினால் போதும்.

வழக்கைக் கைவிடும் அதிகாரம்

நடந்துகொண்டிருக்கும் வழக்கைத் திரும்பப் பெறும் மனுவைப் போட வேண்டியவரும் பி.பி.தான். அரசு சொல்லலாம், ஆனால் அவர் தன் புத்தியைச் செலுத்தி முடிவெடுக்க வேண்டும். கோர்ட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2015 மார்ச்சில் கேரளச் சட்டமன்றத்தில் பட்ஜெட் நாளன்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மேசை, மைக் எல்லாம் உடைத்தார்கள். அந்தக் கட்சிகள் ஆட்சிக்கு வந்த பிறகு வழக்கைத் திரும்பப் பெற மனு போடப்பட்டது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டமன்ற உறுப்பினரின் சிறப்புரிமை, பொதுச் சொத்தை உடைக்கும் உரிமையாகாது என்றது.

விசாரணை ஆணையம்: கேள்வியே வேறு

சரி, இப்போது கமிஷனுக்கு வருவோம்.

திருவிழாவில் தேர் சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். ஊரில் இரண்டு கேள்விகள் எழும். முட்டுக்கட்டை போட வேண்டிய ஆள் அந்த நேரத்தில் எங்கே போனான் என்பது ஒன்று. வீதியில் பள்ளம் ஏன் அடைக்கப்படவில்லை, அச்சு எப்போது கடைசியாகப் பார்க்கப்பட்டது, இத்தனை கூட்டத்தை அந்த முடுக்கில் யார் விட்டார்கள், அடுத்த வருடம் என்ன செய்வது என்பது இன்னொன்று. முதல் கேள்வி ஒரு மனிதரைத் தேடுகிறது. இரண்டாவது, நடந்தது முழுவதையும் தேடுகிறது. குற்ற வழக்கு முதல் வகை, விசாரணை ஆணையம் இரண்டாவது வகை.

ஆணையத்துக்கு அடிப்படை 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம். மத்திய அரசோ மாநில அரசோ அமைக்கலாம். சட்டமன்றமோ நாடாளுமன்ற அவையோ தீர்மானம் போட்டால் அமைத்தே ஆக வேண்டும். எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று அரசாணையில் எழுதியிருப்பதை விசாரணை வரம்பு என்பார்கள். ஆணையம் அதைத் தாண்டிப் போக முடியாது. அதனால் ஒரு கமிஷன் அறிவிக்கப்பட்டதும் தலைவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த வரம்பைப் படியுங்கள் என்பேன். பதில் எங்கே நிற்கும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

சாட்சிகளுக்குச் சம்மன் அனுப்ப, ஆவணங்களை வரவழைக்க, பிரமாணப் பத்திரம் வாங்க சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு. தண்டனை தரும் அதிகாரம் இல்லை. அதன் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது என்று 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "ஒருத்தரையும் உள்ளே தள்ளலையே" என்ற கேள்விக்கு இதுதான் பதில். தள்ளும் சாவி அதன் கையில் கொடுக்கப்படவே இல்லை.

கும்பகோணத்தைப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். நீதிபதி சம்பத் ஆணையம் அந்தத் தீவிபத்தை ஆராய்ந்தது. கூரைக் கொட்டகை, நெருக்கடியான கட்டடம், கண்டும் காணாத அதிகாரிகள் எல்லாமே அங்கே கேள்வியாக எழ முடிந்தது. குற்ற வழக்கு தஞ்சாவூர் கோர்ட்டில் தனியாக நடந்தது. அங்கே, இன்னாருடைய இன்ன செயலால் இந்தச் சாவு நேர்ந்தது என்று ஒவ்வொருவர் மீதும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். 2014 ஜூலை 30 அன்று வந்த தீர்ப்பில் பள்ளி நிறுவனர், தலைமையாசிரியை, சத்துணவு அமைப்பாளர், சமையலர், கல்வித் துறையினர், ஒரு பொறியாளர் என 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. பெற்றோருக்கு அந்த 11 பேரின் விடுதலை எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனாலும் "அந்த அமைப்பே சரியில்லை" என்ற முடிவை வைத்து ஒரு தனி மனிதரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. இரண்டு மன்றங்கள் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சுருக்கமாக: வழக்கு, யார் குற்றவாளி என்று கேட்கிறது. ஆணையம், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்கிறது. முதலாவதற்குத் தண்டிக்கும் அதிகாரம் உண்டு, இரண்டாவதற்கு இல்லை.

ஆணையத்தில் வக்கீல் என்ன செய்கிறார்?

இங்கே எதிரி கிடையாது, அதனால் பி.பி.யும் கிடையாது. ஆணையத்துக்கென்று ஒரு வக்கீல் இருப்பார். சாட்சிகளை அவர்தான் முதலில் கேட்பார். அரசுத் துறைகளுக்காக ஒரு மூத்த அரசு வக்கீல் வருவார். யாருடைய நடத்தை கேள்விக்குள்ளாகிறதோ, யாருடைய பெயர் கெடக்கூடுமோ, அவருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து அவர் பேச வாய்ப்புத் தர வேண்டும். அவர் தன் வக்கீல் மூலம் குறுக்கு விசாரணையும் செய்யலாம்.

அரசு வக்கீலுக்கு மிகக் கடினமான இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். சுட உத்தரவிட்டதாக எஃப்.ஐ.ஆர்.களில் துணை வட்டாட்சியர்களின் பெயர்கள் வந்தன. அத்தனை பெரிய முடிவை அந்த நிலையில் உள்ள அதிகாரியா எடுத்தார் என்று ஊரே கேட்டது. இதற்கு விடை சொல்லக்கூடியது உணர்ச்சிகரமான வாதம் அல்ல. எந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார், வயர்லெஸ்ஸில் என்ன பேசப்பட்டது, எழுத்தில் உத்தரவு எப்போது வந்தது என்ற காகிதங்கள்தான். அந்தக் காகிதங்கள் அரசிடம் இருக்கின்றன. அவற்றை முழுதாக, தாமதமில்லாமல் ஆணையத்தின் மேசைக்குக் கொண்டுவந்து வைப்பதுதான் அரசு வக்கீலின் முதல் வேலை. துறையைக் காப்பாற்றுவது அதற்கு அப்புறம்தான்.

இழுபறிகளும் உண்டு. ஜெயலலிதா மரணம் குறித்த நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் 2017 செப்டம்பரில் அமைந்தது. மருத்துவ விஷயங்களை ஆராயும் தகுதி ஆணையத்துக்கு இல்லை என்று சம்பந்தப்பட்ட மருத்துவமனை கோர்ட்டுக்குப் போனது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 நவம்பரில்தான், எய்ம்ஸ் மருத்துவர் குழுவின் உதவியோடு தொடரலாம் என்று வழி பிறந்தது. அறிக்கை வந்தது 2022 ஆகஸ்டில்.

கமிஷனில் சொன்னது கோர்ட்டுக்குப் போகாது

அடிக்கடி தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ஆணையத்தின் முன் கேள்விக்குப் பதிலாக ஒருவர் சொன்னதை, சிவில் வழக்கிலோ குற்ற வழக்கிலோ அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அந்த வாக்குமூலமே பொய் என்று தொடரப்படும் வழக்கு மட்டும் விதிவிலக்கு. இந்திரா காந்தி கொலை வழக்கில், தக்கர் ஆணையத்தில் சாட்சிகள் சொன்னதைக் காட்டி அவர்களை மடக்க வேண்டும் என்று எதிரி தரப்பு கேட்டது. 1988இல் உச்ச நீதிமன்றம் அதற்குக்கூட இடம் தரவில்லை.

ஏன் இப்படி ஒரு தடை? அது இல்லாவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். உண்மை முழுவதும் வெளியே வர வேண்டுமானால், சொல்பவருக்கு ஒரு பயமின்மை வேண்டும். அதற்குச் சட்டம் கொடுக்கும் விலை இது.

அறிக்கை வந்த பிறகு

அப்படியானால் அறிக்கையில் ஒரு அதிகாரியின் பெயர் வந்துவிட்டால்? தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை காவல் அதிகாரிகள் மீதும் அப்போதைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டு போய் செஷன்ஸ் கோர்ட்டில் வைக்க முடியாது. புலனாய்வு அமைப்பு சாட்சிகளைப் புதிதாக விசாரிக்க வேண்டும், ஆவணங்களைச் சட்டப்படி கைப்பற்ற வேண்டும், பிறகு குற்றப்பத்திரிகை. அதன் பிறகுதான் பி.பி. எழுந்து நிற்பார். துறைரீதியான நடவடிக்கை என்றால் அதற்கும் தனி நோட்டீஸ், தனி விசாரணை. அறிக்கை வழி காட்டும், நடந்து போக வேண்டியது வேறு ஆட்கள்.

அந்த நடை தொடங்கியதா என்று தெரிந்துகொள்ளச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. அறிக்கை அரசின் கைக்கு வந்த 6 மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு அதை அவையில் வைக்க வேண்டும். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் இறுதி அறிக்கையை 2022 மே மாதம் கொடுத்தது. அக்டோபர் 18 அன்று அதுவும் ஆறுமுகசாமி அறிக்கையும் ஒரே நாளில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டன. அன்று தலைப்புச் செய்தியானது அறிக்கைகள்தான். அவற்றோடு சேர்ந்து வரும் நடவடிக்கைக் குறிப்பில், எந்தப் பரிந்துரை ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, எது "பரிசீலனையில்" என்று நிறுத்தி வைக்கப்பட்டது என்பதெல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். எந்தக் கமிஷன் அறிக்கை வந்தாலும் முதலில் புரட்ட வேண்டியது அதைத்தான். 6 மாதம் தாண்டினால் இன்ன தண்டனை என்று சட்டத்தில் எதுவும் எழுதப்படவில்லை. அதனால் அந்தத் தேதியைக் குறித்துவைத்துக் கேட்கும் வேலை சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் நமக்கும்தான் மிஞ்சுகிறது.